தலைக்கு மேல் பத்து மீட்டர்

நேயர்களுக்கு வணக்கம். விண்வெளிக்குப் போகிறவர்களின் உடலைக் கதிர்வீச்சும் எடையின்மையும் என்ன செய்கின்றன என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போவதற்கு முன் ஏற்காடு வரை போய்வருவோம். அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குள்ளேயே இந்த இரண்டும் கொஞ்சம் மாறத்தான் செய்கின்றன.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டர். 60 கிலோ எடையுள்ள ஒருவர் இங்கே பஸ் ஏறி மேலே ஏரிக்கரையில் இறங்கினால், அவர் எடையில் சுமார் 20 கிராம் குறைந்திருக்கும். தட்டுத் தராசில் நிறுத்தால் இது தெரியாது, எடைக்கல்லும் கூடவே இளைத்துவிடும். சரி, ஈர்ப்பில் நடக்கும் மாற்றம் இவ்வளவுதான்.

கதிர்வீச்சு அப்படியில்லை. வெடித்துச் சிதறிய விண்மீன்களிலிருந்து ஒளியின் வேகத்தை நெருங்கிய துகள்கள் எந்நேரமும் பூமிமேல் வந்து விழுகின்றன. இவை அண்டக்கதிர்கள். 1912இல் விக்டர் ஹெஸ் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் ஏறி அளந்தபோது, உயரே போகப் போகக் கதிர்வீச்சு கூடுவதைக் கண்டார். கீழே நம்மைக் காப்பது காற்றுதான். சேலத்தில் நம் தலைக்கு மேலிருக்கும் காற்றின் எடை, பத்து மீட்டர் தண்ணீரின் எடைக்குச் சமம். முப்பதடித் தண்ணீர் நிற்கும் கிணற்றின் அடியில் நாம் குடியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் அந்தத் தண்ணீர் நாலடி குறைகிறது. அதற்கே அண்டக்கதிரின் அளவு ஒன்றரை மடங்காகிவிடுகிறது.

காப்பித் தோட்டத்தில் இருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். கதிர்வீச்சு உடலை எவ்வளவு பாதிக்கும் என்பதை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளக்கிறார்கள். சேலத்தில் ஓராண்டு முழுவதும் வானத்திலிருந்து நமக்குக் கிடைப்பது சுமார் 0.3 மில்லிசீவர்ட். பாறை, மண், மூச்சில் கலந்த ரேடான் வாயு, சாப்பாடு எல்லாவற்றையும் சேர்த்தால் உலகச் சராசரி 2.4. ஏற்காட்டுக்காரர்களுக்குக் கூடுதலாக வருவது இந்தக் கணக்கில் சில்லறை. இன்னொரு லாபமும் நமக்கு உண்டு. பூமியின் காந்தப்புலம் இந்தத் துகள்களைத் திருப்பிவிடுகிறது. தமிழ்நாடு காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், நார்வேக்காரர்களைவிட நமக்கு அந்தப் பாதுகாப்பு அதிகம்.

இப்போது 400 கிலோமீட்டர் மேலே, சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போவோம். அங்கே புவியீர்ப்பு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். தரையில் இருப்பதில் சுமார் 90 சதவீதம் அங்கேயும் இருக்கிறது. நிலையம் மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருக்கிறது, உள்ளே இருப்பவர்களும் கூடவே விழுகிறார்கள். அதனால்தான் மிதக்கிறார்கள்.

மிதப்பது பார்க்க அழகு. உடலுக்கோ அது பெரிய தொந்தரவு. காலில் தேங்க வேண்டிய நீர் மேலேறி முகம் உப்பிவிடும். பாரம் தாங்காத எலும்பை உடல் கரைக்கத் தொடங்கும். இடுப்பெலும்பில் மாதத்துக்கு ஒரு சதவீதம் அல்லது அதற்கு மேல் போய்விடும். கரைந்த சுண்ணாம்புச் சத்து சிறுநீரில் இறங்குவதால் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பும் கூடும். சிலருக்குப் பார்வையே மாறுகிறது. இதற்கு மருந்து, தினமும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி. அங்கே இரும்பு எடைகளுக்கு எடை கிடையாது. அதனால் காற்றை வெளியேற்றிய வெற்றிட உருளைகளின் தண்டை இழுத்துத்தான் தசைக்கு வேலை கொடுக்கிறார்கள். 2025இல் அந்த நிலையத்தில் தங்கித் திரும்பிய இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா, ஊருக்கு வந்ததும் கைபேசி கனத்ததாகவும், மிதக்கும் என்று நினைத்து மடிக்கணினியைக் கட்டிலோரம் விட்டதாகவும் சொன்னார்.

என்னைக் கேட்டால், ஈர்ப்புப் பிரச்சினை சமாளிக்கக் கூடியது. ஓடினால், எடை இழுத்தால் பெரும்பகுதி சரியாகும். கதிர்வீச்சு என்ன ஓடினாலும் கூடவே வரும். சேலத்தில் ஓராண்டில் வானம் கொடுப்பதைவிட அதிகமாக, அரை மில்லிசீவர்ட்டுக்குக் குறையாமல், நிலையத்தில் ஒரே நாளில் கிடைக்கிறது. அங்கேகூடக் காந்தப்புலத்தின் காவல் இருக்கிறது. செவ்வாய்க்குப் போகும் வழியில் அதுவும் இல்லை. நாசா செவ்வாய்க்கு அனுப்பிய ஆளில்லாத கியூரியாசிட்டி ஊர்தி போகும்போது அதனுள் இருந்த கருவி நாளொன்றுக்குச் சுமார் 1.8 மில்லிசீவர்ட் அளந்தது. போய்வரும் பயணத்துக்கு மட்டும் 600ஐத் தாண்டும். நாசா ஒரு வீரரின் பணிக்காலம் முழுவதற்கும் வைத்திருக்கும் வரம்பே 600தான்.

கவசம் போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். கனமான உலோகத்தில் இந்தத் துகள்கள் மோதினால் உடைந்து புதிய துகள்கள் பிறக்கின்றன, அவையும் உடலைத் தாக்கும். தண்ணீரும் பாலித்தீனும் உலோகத்தைவிட மேல். ஆனால் நமக்குக் காற்று இலவசமாகத் தரும் அதே பத்து மீட்டர் தண்ணீரை, நாலு மீட்டர் அகலமுள்ள ஓர் உருண்டை அறையைச் சுற்றி நிறுத்த 7,000 டன் வேண்டும். நம் இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட் தாழ்வான சுற்றுப்பாதைக்கு ஒரு தடவையில் தூக்குவது சுமார் 8 டன். ராக்கெட்டுக்கு எதிரி ஈர்ப்பு. அந்த ஈர்ப்புதான் பூமியில் காற்றையும் பிடித்து வைத்திருக்கிறது என்பது தனி வேடிக்கை.

சூரியன் திடீரென்று துகள்களை வாரி வீசும் சூரியப் புயல் இன்னொரு அபாயம். 1972 ஆகஸ்டில் பெரும் புயல் ஒன்று அடித்தது. நிலவுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற அமெரிக்க விண்கலங்களில் அப்பல்லோ 16 ஏப்ரலிலேயே போய் வந்துவிட்டது, அப்பல்லோ 17 டிசம்பரில்தான் கிளம்பியது. நடுவே நிலவில் யாரும் இல்லாதது அதிர்ஷ்டம்தான், திட்டமிட்டதல்ல.

இந்தியர்களை நம் ராக்கெட்டிலேயே விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டம் 400 கிலோமீட்டர் உயரத்தில் மூன்று நாள் பயணம். அதற்குத் தேர்வான நால்வரில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். மூன்று நாளில் எலும்பு கரையாது, கதிர்வீச்சும் சில மில்லிசீவர்ட்டோடு நிற்கும். அவர்களுக்கு முதல் தொல்லை குமட்டலாக இருக்கலாம். 2035க்குள் இந்தியா சொந்த விண்வெளி நிலையம் அமைக்கப்போவதாக அறிவித்திருக்கிறது. அங்கே மாதக்கணக்கில் தங்கும்போது உடற்பயிற்சிக் கருவி வேண்டும், சூரியப் புயலில் ஒதுங்கத் தண்ணீர்ப் பைகள் அடுக்கிய ஒரு மூலையும் வேண்டும். அந்த மூலைக்கு எத்தனை டன் ஒதுக்குவது என்பதுதான் இனிப் போட வேண்டிய கணக்கு.

நன்றி, வணக்கம்.