திரும்பி வராத மொய்

(2021-இல் பிளஸ் டூ முடித்த மாணவர்கள் தங்கள் பள்ளியில் கூடியபோது, அன்றைய வகுப்பாசிரியர் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஆசிரியர் அவர்களே, என்னோடு வேலை பார்த்த ஆசிரியர்களே, அப்புறம் என் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளே, வணக்கம். உங்களில் இரண்டு பேர் இடுப்பில் குழந்தையோடு வந்திருக்கிறீர்கள். இருந்தாலும் எனக்கு நீங்கள் பிள்ளைகள்தான்.

மைக் கிடைத்தால் வாத்தியார் விடமாட்டார் என்று கடைசி வரிசையில் யாரோ சொல்வது காதில் விழுகிறது. சரி, சீக்கிரம் முடிக்கிறேன்.

2020 பிப்ரவரியில் இதே வேப்பமரத்தடியில் பிரிவுபசார விழா நடந்தது. அப்போது நீங்கள் பிளஸ் ஒன். பிளஸ் டூ பிள்ளைகளை வழியனுப்பி வைப்பது பிளஸ் ஒன்னின் பொறுப்பு, இது நம் பள்ளி வழக்கம். ஆளுக்கு ஐம்பது ரூபாய் வசூல் செய்தீர்கள். லட்டு, மிக்சர், லெமன் சாதம், ஆளுக்கொரு பேனா. அம்மாவின் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு தடுக்கித் தடுக்கி மேடையேறிய அக்காக்களைப் பார்த்து, "அடுத்த வருஷம் நாமடி" என்று சொல்லிக்கொண்டீர்களே, அதுவும் எனக்குத் தெரியும். நம் ஊரில் மொய் நோட்டு இல்லாத வீடு கிடையாது. நீங்கள் மொய் வைத்துவிட்டீர்கள். உங்கள் வீட்டு விசேஷம்தான் நடக்கவில்லை.

அந்த அக்காக்களுக்கும் பாதிதான் கிடைத்தது. கடைசிப் பரீட்சை மார்ச் 24. அன்று மாலையே 144. பஸ் ஓடுமா, வீடு போய்ச் சேர்வோமா என்ற பயத்தில் மாநிலம் முழுக்க 34 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தப் பரீட்சைக்கே வரவில்லை. அவர்களுக்காக ஜூலை 27-இல் மறுதேர்வு வைத்தார்கள். வந்தவர்களும் சட்டையில் இங்க் தெளித்துக்கொண்டு கத்தாமல், பேசாமல் கிளம்பிப் போனார்கள். ஒவ்வொரு வருஷமும் அந்த இங்க்கைத் தடுக்க வாசலில் பிரம்போடு நின்றவன் நான். அன்றைக்கு யாராவது தெளிக்கமாட்டார்களா என்று இருந்தது.

உங்களுக்கு மார்ச் 26-இல் ஒரு பரீட்சை பாக்கி இருந்தது, அது ரத்து. அப்புறம் பத்து மாதம் கல்வித் தொலைக்காட்சியும் அப்பாவின் செல்போனும்தான் பள்ளிக்கூடம். 2021 ஜனவரி 19-இல் திறந்தபோது ஓர் அறைக்கு 25 பேர், பெஞ்சுக்கு ஓரத்தில் ஒருவராக உட்கார்ந்தீர்கள். நான்கு பேர் வரவில்லை. அதில் ஒருவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டான் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஏப்ரலில் செய்முறைத் தேர்வு முடிந்தது. மே மாதப் பொதுத்தேர்வு தள்ளிப்போய், ஜூன் 5-ஆம் தேதி அதுவும் ரத்து என்று முதலமைச்சர் அறிவித்தார். அந்த நேரத்தில் அது சரியான முடிவுதான், மாற்றிச் சொல்லமாட்டேன். ஆனால் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து பாதி எடுத்தார்கள் பாருங்கள், "பத்தில் கோட்டை விட்டேன் சார், பிளஸ் டூவில் பிடித்துவிடுவேன்" என்று ராத்திரி பகலாகப் படித்த பிள்ளைக்கு நான் என்ன சமாதானம் சொல்ல?

நீங்கள் இந்தப் பள்ளியிலிருந்து விடைபெற்றது எப்படி என்று நினைவிருக்கிறதா? மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியில் வட்டம் போட்டு நிற்க வைத்தோம். ஒவ்வொருவராக வந்து டி.சி.யை வாங்கிக் கையெழுத்துப் போட்டீர்கள். மாஸ்க்குக்கு மேலே கண்ணை மட்டும் பார்த்து, உங்களில் ஒருத்தியிடமே "நீ யாரும்மா?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு வருஷம் என்னிடம் படித்தவள். இப்போது முன்வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

அப்போது நாங்கள் எல்லாரும் ஒன்றைச் சொன்னோம். "உயிர் பிழைத்ததே பெரிசு, விழா என்ன விழா?" இரண்டாம் அலையில் அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளை வகுப்பில் இருக்கும்போது, லட்டு கிடைக்கவில்லை என்று யார் வாயைத் திறப்பார்கள்? நீங்களும் திறக்கவில்லை. போதாக்குறைக்கு வேலை கேட்டுப் போன இடத்தில் "கொரோனா பாஸா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். பெரிய துக்கம் வந்தால் சின்னத் துக்கம் இல்லாமல் போய்விடும் என்று நினைத்தோமே, அது எங்கள் தப்பு. வருஷம் முழுக்க மார்க்கை வைத்தே உங்களை அழைத்தவர்கள் நாங்கள். மார்க்கைப் பற்றிப் பேசாமல் உங்கள் பெயரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிடும் நாள் அந்தப் பிரிவுபசார விழா நாள் ஒன்றுதான்.

இன்னொன்றும் நடந்தது. 2022-இல் விழா நடத்தலாம் என்றபோது பிளஸ் ஒன் பிள்ளைகள் என்னிடம் வந்து, "சார், விழா எப்படி நடத்தணும்? யார் எங்கே உட்காரணும்?" என்று கேட்டார்கள். அவர்கள் ஒரு பிரிவுபசார விழாவையும் பார்த்ததில்லை. அக்காக்களிடமிருந்து தங்கைகளுக்குப் போய்ச்சேரும் சங்கதி நடுவில் அறுந்துவிட்டது. நானே சாக்பீஸால் தரையில் படம் போட்டுக் காட்டினேன்.

ஆபீஸ் வராந்தாவில் வரிசையாகக் குரூப் போட்டோக்கள் மாட்டியிருக்கிறதே, 2020-க்குப் பக்கத்தில் 2022 இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆணியை அடித்து வைத்தவர் நம் அலுவலக உதவியாளர். ஏன் என்று நான் கேட்டதில்லை.

போட்டோக்காரர் வந்து அரை மணி நேரமாக நிற்கிறார், வெயில் போய்விடும் என்கிறார். உயரமானவர்கள் பெஞ்சு மேலே ஏறுங்கள். வலது ஓரத்துப் பெஞ்சுக்கு ஒரு கால் ஆடும், பார்த்து. குழந்தைகளையும் தூக்கிக்கொள்ளுங்கள். அந்த நான்கு பேரில் மூன்று பேர் வந்திருக்கிறார்கள். திருப்பூர்க்காரன் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறானாம். அவன் வரட்டும், அப்புறம் எடுக்கலாம்.