ஒரு விரலும் ஒரு நாற்காலியும்: 1999 ஜனவரி 4 இரவுக்கு மார்க் போடுவோம்

[இருட்டுத் திரை. கண்ணாடி நொறுங்கும் சத்தம் மட்டும்.]

இந்தச் சத்தத்துக்கே புல்லரித்தது என்றால் பாதிக் கதை உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து வருகிறேன்.

வணக்கம். "ரெஸ்லிங்கில் யார் ஜெயிப்பார் என்று முன்னாடியே எழுதி வைத்துவிடுகிறார்களே, அதில் விமர்சிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. எழுதி வைப்பதுதான். அதனால்தான் விமர்சிக்கவே முடிகிறது. கிரிக்கெட்டில் ஒரு மேட்ச் சப்பென்று முடிந்தால் யாரைக் குறை சொல்வது? பந்து அப்படித் திரும்பியது, ஆள் அவுட். ரெஸ்லிங்கில் சப்பென்று முடிந்தால், அப்படித்தான் முடிய வேண்டும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து, நாலு பேர் தலையாட்டி, அதன்பிறகு ரிங்குக்கு வந்திருக்கிறது. அந்த யோசனைக்குத்தான் மார்க்.

ஒரு வார ஷோவைப் பார்க்கும்போது நான் முதலில் கவனிப்பது அடி, உதை, தாவல் எதையும் அல்ல. முதல் பத்து நிமிடத்தில் என்ன வாக்குக் கொடுத்தார்கள், கடைசிப் பத்து நிமிடத்தில் என்ன கொடுத்தார்கள் என்பதைத்தான். நடுவில் இருப்பதெல்லாம் அந்த இரண்டுக்கும் இடையிலான பாலம்.

இதைக் காட்ட, ஒரே இரவில் அமெரிக்காவில் ஓடிய இரண்டு ஷோக்களை எடுத்துக்கொள்வோம். 1999 ஜனவரி 4, திங்கட்கிழமை.

[திரையில் இரண்டு பழைய டிவிப் பெட்டிகள். இடதில் நைட்ரோ, வலதில் ரா.]

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ரா' 1993-இல் தொடங்கியது; வின்ஸ் மக்மேனின் டபிள்யூடபிள்யூஎஃப் கம்பெனியுடையது. 'நைட்ரோ' 1995 செப்டம்பரில் வந்தது. டெட் டர்னரின் டபிள்யூசிடபிள்யூ கம்பெனியுடையது. இரண்டும் திங்கட்கிழமை இரவில்தான். 1996 நடுவிலிருந்து 1998 ஏப்ரல் வரை, தொடர்ந்து 83 வாரம், நைட்ரோதான் ரேட்டிங்கில் முன்னால். அதன்பிறகு தராசு ஆட ஆரம்பித்தது. நைட்ரோ எட்டு மணிக்குத் தொடங்கி மூன்று மணி நேரம். ரா ஒன்பது மணிக்கு, இரண்டு மணி நேரம். கடைசி இரண்டு மணி நேரம் பார்ப்பவர் கையில் இருக்கும் ரிமோட்தான் நடுவர்.

சரி, நைட்ரோவுக்குப் போவோம்.

இடம் அட்லாண்டாவின் ஜார்ஜியா டோம். உள்ளே 38,000 பேருக்கு மேல். இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு முன்னால், 1998 ஜூலை 6 அன்று, இதே கட்டடத்தில்தான் கோல்ட்பர்க் ஹல்க் ஹோகனைச் சாய்த்து உலக சாம்பியன் ஆனார். அட்லாண்டா அவருக்குச் சொந்த ஊர் மாதிரி. தோல்வியே இல்லாமல் 173 வெற்றி என்பது கம்பெனி சொன்ன கணக்கு. (அந்தக் கணக்கில் கொஞ்சம் காற்று அடித்திருந்தார்கள் என்பது வேறு விஷயம்.) அப்புறம் டிசம்பர் 27-இல் கெவின் நாஷ் அவரைத் தோற்கடித்தார். அதுவும் நேர்மையாக இல்லை. ஸ்காட் ஹால் மின்சாரம் பாய்ச்சும் கருவியால் கோல்ட்பர்க்கைச் சுருட்டிப் போட, நாஷ் மேலே விழுந்து பெல்ட்டை எடுத்துக்கொண்டார்.

எட்டு நாள் கழித்து, மறுமோதல். நாஷ் எதிரே கோல்ட்பர்க், அவருடைய ஊரில், அவர் பட்டம் வென்ற அதே கட்டடத்தில். டிக்கெட் வாங்கியவர் இதற்குத்தான் வாங்கினார். நைட்ரோ கொடுத்த வாக்கு இது. இதைவிட நல்ல வாக்கு ஒரு வார ஷோவில் கொடுக்கவே முடியாது. இதுவரை நூற்றுக்கு நூறு.

[இடது டிவி பெரிதாகிறது.]

ஷோ நடந்துகொண்டிருக்கும்போதே போலீஸ் வந்து கோல்ட்பர்க்கைக் கைது செய்கிறது. ஷோவில் வரும் பெண் பாத்திரமான மிஸ் எலிசபெத், கோல்ட்பர்க் தன்னைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுக்கிறார் என்று புகார் சொல்லியிருக்கிறாராம். எல்லாம் கதைதான். காவல் நிலையத்தில் விசாரணை, எலிசபெத் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுவது, கோல்ட்பர்க் முறைப்பது என்று இந்தத் துண்டுக் காட்சிகள் ஷோ முழுக்கத் தெளிக்கப்பட்டிருக்கின்றன. ரிங்கில் எதையும் அநியாயத்துக்குச் சிதறடிக்கும் ஒரு மனிதனை நாற்காலியில் உட்கார வைத்து விளக்கம் கொடுக்க விட்டிருக்கிறார்கள். அவருடைய பலமே பேசாமல் இருப்பதுதான்!

கோல்ட்பர்க் இல்லாத மெயின் ஈவென்ட்டுக்கு யார்? சில வாரம் முன்பு ஒரு டிவி பேட்டியில் ஓய்வு அறிவித்த ஹோகன் அன்றுதான் திரும்பி வந்திருக்கிறார். நாஷ் அவரைச் சண்டைக்கு அழைக்கிறார். கூட்டம் இதையும் ஏற்றுக்கொண்டது என்பதை மறைக்கக் கூடாது. அந்தக் காலத்தில் இருவரும் பெரிய பெயர்கள். ஒரே கும்பலாக இருந்து, இரண்டாக உடைந்து, பல மாதமாகப் பகைவர்களாகச் சுற்றியவர்கள். அந்த மோதலுக்கே தனியாக டிக்கெட் விற்றிருக்கலாம்.

மணி அடிக்கிறது. இருவரும் சுற்றி வருகிறார்கள். நாஷ் ஹோகனை நெஞ்சில் பிடித்து மூலைக்குத் தள்ளுகிறார். ஹோகன் ஒரு குத்து ஓங்குவது போல பாவனை காட்டுகிறார். கையை இறக்கிவிட்டு, சுட்டுவிரலை நீட்டி நாஷின் நெஞ்சைத் தொடுகிறார்.

தொட்டார். அவ்வளவுதான்.

ஏழடி ஆள் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தவர் மாதிரி மல்லாக்க விழுகிறார். ஹோகன் மேலே படுக்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று. புது சாம்பியன். ஹோகன், நாஷ், கூட வந்த ஸ்காட் ஹால், ஸ்காட் ஸ்டெய்னர் என்று நாலு பேரும் கட்டிப்பிடித்துச் சிரிக்கிறார்கள்; பல மாதப் பகை மொத்தமும் நாடகமாம். கடைசியில் ஓடிவரும் கோல்ட்பர்க்கை, லெக்ஸ் லூகரும் சேர்ந்துகொண்டு அடித்து, கயிற்றில் விலங்கு மாட்டி, அதே மின்கருவியால் மறுபடி சுட்டு, முதுகில் பெயின்ட் அடிக்கிறார்கள். ஷோ முடிந்தது, வீட்டுக்குப் போங்கள்.

சரி, இதில் என்ன தப்பு? "மேட்சே நடக்கவில்லை, அதுதான் தப்பு" என்று பல பேர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மேட்ச் நடக்காமலே ஒரு காட்சி ஜெயிக்கலாம். வில்லன்கள் ஏமாற்றுவதும் தப்பில்லை, ஏமாற்றினால்தான் வில்லன்.

நம்ம தெருக்கூத்தை நினைத்துப் பாருங்கள். துரியோதனன் செத்துப்போவான் என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் படுகளத்தன்று விடியும் வரை ஜனம் உட்கார்ந்திருக்கும், பீமன் அந்தத் தொடையில் அடிப்பதைப் பார்க்க. அந்த நேரம் பீமன் கதாயுதத்தைக் கீழே போட்டுவிட்டு, "சும்மா விளையாட்டுக்குச் சண்டை போட்டோம், நாங்க ஃப்ரெண்ட்ஸ்" என்று துரியோதனனோடு தோளில் கை போட்டால்? ஊர் சும்மா விடுமா? அங்கே ஏமாந்தது பாஞ்சாலி அல்ல, விடிய விடியக் கண்விழித்தவன்.

நைட்ரோவில் நடந்ததும் அதுதான். வில்லன் ஏமாற்ற வேண்டியது ஹீரோவை. இங்கே ஏமாற்றப்பட்டது டிக்கெட் வாங்கியவர். பல மாதம் இந்தப் பகையை நம்பிப் பின்தொடர்ந்ததற்குப் பரிசு, "உன்னை முட்டாளாக்கினோம்" என்ற சிரிப்பு. சரி, அதற்குப் பழிவாங்கவாவது கோல்ட்பர்க் வந்து நாலு பேரையும் துவைத்தாரா என்றால் அதுவும் இல்லை. வாக்குக்கு நூறு, கொடுத்ததற்கு ஐந்து. அந்த ஐந்தும் நாஷ் விழுந்த அழகுக்கு. என்ன இருந்தாலும் விழத் தெரிந்த மனிதர்.

இப்போது வலது டிவி.

[வலது டிவி பெரிதாகிறது.]

ரா அன்று லைவ் இல்லை. டிசம்பர் 29-ஆம் தேதியே மாசசூசெட்ஸ் மாநிலம் வூஸ்டரில் எடுத்து வைத்துவிட்டார்கள். முடிவு வெளியே கசிந்துவிட்டது. இதை எதிர்க் கடைக்காரர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதற்குக் கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

கதாநாயகன் மிக் ஃபோலி, மேன்கைண்ட் என்ற பெயரில். தொப்பை, கிழிந்த சட்டை, தோல் முகமூடி, பாதி காது இல்லை, முன்பல் இல்லை. 1998 ஜூனில் அண்டர்டேக்கர் இவரைக் கூண்டின் உச்சியிலிருந்து கீழே வீசியது நினைவிருக்கும். நம்மூரில் ரெஸ்லிங் ட்ரம்ப் கார்டு விளையாடிய காலத்தில், பைசெப்ஸ், மார்பு என்று எண்களை வைத்துத்தான் ஆளை மதிப்போம். அந்தக் கணக்கில் மேன்கைண்ட் கார்டு கையில் வந்தால் முகம் தொங்கிவிடும். சாம்பியன் ஆகும் உடம்பே இல்லை. விஷயமே அதுதான்.

நவம்பரில் பட்டத்துக்கான இறுதி மோதலில் முதலாளி வின்ஸ் மக்மேன் மணியை அடிக்கச் சொல்லி, மேன்கைண்டுக்கு எதிரே நின்ற தன் ஆள் ராக்கை ஜெயிக்க வைத்தார். டிசம்பரில் மேன்கைண்ட் தன் பிடியில் ராக்கை மயங்க வைத்தும், "மயங்கினான், ஆனால் சரணடையவில்லை" என்று வக்கீல் பாயின்ட் பேசிப் பட்டத்தைத் தரவில்லை. இரண்டு தடவை பறிபோன ஆள். ஆக, பார்வையாளர் மனதில் கடன் ஏறிக்கொண்டே இருக்கிறது.

ஜனவரி 4. மேன்கைண்ட் பட்டத்துக்கு மோத வாய்ப்புக் கேட்கிறார், வின்ஸ் மறுக்கிறார். பிறகு வின்ஸின் மகன் ஷேன், மேன்கைண்ட் கையில் சிக்குகிறான். கையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, மேட்ச் தராவிட்டால் தோளை உடைத்துவிடுவேன் என்கிறார். அப்பன் இறங்கி வருகிறான். இந்த ஒரு காட்சியை எழுத்து வேலைக்குப் பாடமாக வைக்கலாம். ஹீரோவுக்கு வாய்ப்பு யாரும் பிச்சை போடவில்லை, அவனே பிடுங்கினான். எந்த விதியும் இல்லாத மேட்ச் என்பதும் அங்கேயே முடிவாகிவிட்டது. அதாவது, கடைசியில் யார் உள்ளே நுழைந்தாலும் கேட்க முடியாது. கொக்கியை எங்கே மாட்டுகிறார்கள் பாருங்கள்.

மேட்ச் எப்படி? உண்மையைச் சொன்னால், சுமார். பத்து நிமிடம் கூட இல்லை. பாதி நேரம் ரிங்குக்கு வெளியே அடிதடி, மேசை உடைகிறது, பெல்ட்டால் மண்டையில் ஒரு போடு. பிடி, எதிர்ப்பிடி என்ற மல்யுத்தக் கலையைத் தேடினால் அன்றைய ராவில் பெரிதாகக் கிடைக்காது. அதற்கு நைட்ரோதான். ரே மிஸ்டீரியோ, கிட்மன், யூவென்டுட் கெரேரா போன்ற சிறிய உடம்புக்காரர்கள் அந்த நாட்களில் நைட்ரோவில் செய்த வேலையின் பக்கத்தில் ரா நிற்க முடியாது. மேட்சுக்கு நட்சத்திரம் போடும் விமர்சகர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குவார்கள் என்பது என் அபிப்ராயம். நட்சத்திரம் மேட்சை அளக்கும். ஷோவை அளக்காது.

ரிங்கைச் சுற்றி இரண்டு கும்பல் நிற்கின்றன. வின்ஸின் ஆட்கள் ஒரு பக்கம், அவருக்கு எதிரான டிஎக்ஸ் கும்பல் மறுபக்கம். வின்ஸின் ஆள் கென் ஷாம்ராக் உள்ளே வந்து மேன்கைண்டை நாற்காலியால் அடிக்கிறார். எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரள்கிறார்கள். முடிந்தது, மூன்றாவது தடவையும் பறிபோகிறது என்று நினைக்கும் நொடி.

[இருட்டு. கண்ணாடி நொறுங்கும் சத்தம்.]

ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டின். அவருடைய நுழைவு இசை இந்தச் சத்தத்தில்தான் தொடங்கும். இந்த வீடியோவை இங்கே நிறுத்திவிட்டு, அந்தச் சத்தத்துக்குக் கூட்டம் எழுப்பும் ஓலத்தை மட்டும் தேடிக் கேட்டுவிட்டு வாருங்கள். கமென்டேட்டர் குரலே அதில் மூழ்கிவிடும். ஆஸ்டின் நடந்து வருகிறார், நாற்காலி, ராக் மண்டையில் ஒன்று. மயங்கிக் கிடக்கும் மேன்கைண்டை இழுத்து ராக் மேல் போடுகிறார். மூன்று எண்ணிக்கை.

கவனியுங்கள், இதுவும் ஏமாற்றுதான். நாஷ் மின்சாரத்தால் ஜெயித்தார், மேன்கைண்ட் நாற்காலியால் ஜெயித்தார். ஆனால் இங்கே ஏமாந்தது வின்ஸ். கேமரா உடனே அவர் முகத்துக்குப் போகிறது, வாய் பிளந்து நிற்கிறார். பார்வையாளருக்குப் பட்டிருந்த கடன் அந்த முகத்தில் வட்டியோடு தீர்கிறது. ஃபோலியைத் தோளில் தூக்குகிறார்கள். மைக்கைப் பிடித்து வெற்றியைத் தன் இரண்டு குழந்தைகளுக்குச் சமர்ப்பிக்கிறார். முக வாதத்தால் வழக்கமான கமென்டேட்டர் ஜிம் ராஸ் விடுப்பில் இருந்ததால் அன்று கமென்டரி இளைஞர் மைக்கேல் கோல். உன்னால் முடியாது என்று சொல்லப்பட்ட எல்லோருடைய கனவும் இது என்று அவர் கத்துகிறார். அவருடைய மிச்ச வருடங்களைப் பற்றி எனக்கு ஆயிரம் குறை உண்டு, அந்த ஒரு வரிக்கு ஒன்றும் கிடையாது.

சரி, எதிர்க் கடை விஷயம். ரா முடிவு முன்னாடியே தெரிந்திருந்ததால், நைட்ரோ கமென்டேட்டர் டோனி ஷியவோனி தன் ஷோவிலேயே அதைப் போட்டு உடைத்தார். நைட்ரோவை நடத்திய எரிக் பிஷாஃப் சொல்லச் சொன்னதுதான். பிஷாஃப்புக்கு இது பழைய பழக்கம்; பதிவு செய்த ராவின் முடிவைச் சொல்லிவிட்டால், யார் போய்ப் பார்ப்பார்கள் என்ற கணக்கு. ஃபோலி இன்று உலக சாம்பியன் ஆகப் போகிறாராம் என்று சொல்லிவிட்டு, இளக்காரமாக ஒரு வார்த்தை சேர்த்தார் ஷியவோனி: இதைப் பார்க்கக் கூட்டம் வந்து சீட்டில் உட்காருமாக்கும்!

ஜனம் ரிமோட்டை எடுத்தது. ஆறு லட்சம் பேர் வரை அந்த நேரத்தில் ராவுக்குத் தாவினார்கள் என்பது ரெஸ்லிங் உலகில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அன்றைய ரேட்டிங்கில் ரா 5.7-ஐத் தாண்டியது, நைட்ரோ 5-ஐ ஒட்டி நின்றது. முடிவு தெரிந்தால் பார்க்க மாட்டார்கள் என்ற கணக்கு எங்கே தவறியது என்று படுகள ஜனத்தைக் கேட்டால் சொல்லியிருப்பார்கள்.

ஒரு திருத்தமும் சொல்லிவிட வேண்டும். "அந்த விரல்தான் டபிள்யூசிடபிள்யூவைக் கொன்றது" என்று வீடியோக்களில் அடித்துவிடுவார்கள். அவ்வளவு எளிது இல்லை. நைட்ரோ கடைசியாக ராவை வென்றது 1998 அக்டோபர் 26-இல். அதாவது விரலுக்கு முன்னாலேயே சரிவு தொடங்கிவிட்டது. கம்பெனி கைமாறியது 2001 மார்ச்சில், டர்னர் சேனல்கள் ரெஸ்லிங்கே வேண்டாம் என்று கைவிட்ட பிறகு. நடுவில் இரண்டு வருடத்துக்கு மேல் செய்த தப்புகளுக்குத் தனி வீடியோ போட வேண்டும். ஒரு கெட்ட காட்சி ஒரு கம்பெனியைக் கொல்லாது. கொடுத்த வாக்கை இனி நம்ப வேண்டாம் என்று கற்றுக்கொடுக்கும். அதற்கு அப்புறம் நைட்ரோ என்ன மெயின் ஈவென்ட் அறிவித்தாலும், "நடக்கும்போது பார்த்துக்கலாம்" என்றுதானே தோன்றும்?

[கடைசிக் காட்சி. அரங்கின் கூட்டம், கையில் அட்டைகள்.]

ஷியவோனியின் அந்த இளக்காரத்துக்குப் பதில் பிறகு ரா அரங்குகளில் வந்தது. கூட்டத்தில் ஆட்கள் அட்டையில் கையால் எழுதிக்கொண்டு வந்து தூக்கிப் பிடித்தார்கள்: என்னை இந்த சீட்டில் உட்கார வைத்தது மிக் ஃபோலி.