கிளிஞ்சலை எடுக்கும் முன் களிமண்ணைப் பாருங்கள்

மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும், வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

இந்தப் பகுதியில் ஒரு காலத்தில் கடல் இருந்தது என்பதைப் பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்கு நான் வந்து சொல்ல வேண்டியதில்லை. சாத்தனூர் கல்மரத்தைப் பார்க்காத பள்ளிப் பிள்ளை இங்கே குறைவு. காரை ஊர் ஓடைகளில் அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டுக் கடலுயிரின் கற்படிவத்தைப் பொறுக்கியவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். ஆனால் அம்மோனைட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறோமே தவிர, அது ஒட்டிக்கொண்டிருந்த மண்ணைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இது எனக்கு நெடுநாள் ஆதங்கம். அதனால் இன்று மண்ணைப் பற்றி மட்டுமே பேசப் போகிறேன்.

மண் எங்கிருந்து வந்தது? மேற்கே இருக்கும் பழைய பாறைகளிலிருந்து. நைஸ், சார்னோக்கைட் என்று சொல்லும் அந்தப் பாறைகளுக்கு வயது 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல். மழையும் காற்றும் பட்டு அவை உதிரும்போது அவற்றிலுள்ள குவார்ட்ஸ் என்னும் கெட்டியான கனிமம் மணலாக நின்றுவிடுகிறது. ஃபெல்ட்ஸ்பார் என்னும் இன்னொரு கனிமம் மெல்ல மக்கிக் களியாகிறது. ஆறு இரண்டையும் சேர்த்தே தூக்கி வருகிறது. பிரிப்பது தண்ணீரின் வேகம்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 0.2 மில்லிமீட்டர் மணல் துகள், அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் இறங்க ஒரு நிமிடம் போதும். 0.002 மில்லிமீட்டர் களித் துகளுக்கு ஏறக்குறைய மூன்று நாள் வேண்டும். ஓடும் நீரில் தனித் துகள் இறங்குவது அரிது. ஆகவே களிமண் கனமாகப் படிந்திருக்கும் இடத்தில் தண்ணீர் பெரும்பாலும் அமைதியாக இருந்திருக்கும்.

சரி, மூன்று நாள் அமைதி கடலில் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அதற்குப் பதில் நம் வீட்டிலேயே இருந்தது. கலங்கிய ஆற்று நீரைத் தெளிய வைக்க, பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரசிவிடுவார்கள். ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதந்த களித் துகள்கள் அதன்பின் கொத்துக் கொத்தாக ஒட்டி, சீக்கிரம் அடியில் தங்கிவிடும். கடலில் அந்த வேலையை உப்பு செய்கிறது. ஆற்று நீர் உப்பு நீரைத் தொட்டதும் களி திரளத் தொடங்கும். இரண்டு கண்ணாடி பாட்டிலில் ஒரே சேற்றைக் கரைத்து, ஒன்றில் மட்டும் ஒரு கை உப்புப் போட்டுப் பாருங்கள். ஆசிரியர்கள் வகுப்பிலேயே செய்து காட்டலாம்.

படிந்த பிறகு இன்னொரு விஷயம். 1935-ல் சுவீடனைச் சேர்ந்த யூல்ஸ்ட்ரோம் ஆற்று நீரின் வேகத்தையும் துகளின் அளவையும் ஒரு வரைபடத்தில் வைத்தார். படிந்து இறுகிய களியைக் கிளப்ப, மணலைக் கிளப்புவதைவிட அதிக வேகம் வேண்டும் என்று அது காட்டுகிறது. ஒட்டும் தன்மைதான் காரணம். அதனால்தான் மெல்லிய களிப் படுகைகள்கூட இத்தனை கோடி ஆண்டு தப்பிப் பிழைத்திருக்கின்றன.

இப்போது காரைக்கு வாருங்கள். புல் முளைக்காத அந்தச் செம்பழுப்பு மேடுகளில் நூற்றுக்கணக்கான மீட்டர் கனத்துக்குக் களி படிந்திருக்கிறது. ஓடைக் கரையில், அடுக்குகள் தெரிய மண் அறுபட்டு நிற்கும் வெட்டுமுகம் ஒன்றின் அருகே உட்கார்ந்து பாருங்கள். பளபளவென்று ஜிப்சம் என்னும் கனிமத்தின் தகடுகள் தெரியும். கடல் வற்றியபோது உப்போடு படிந்தது என்று பலர் நினைப்பார்கள். அந்தத் தகடுகள் போகும் திசையைக் கவனியுங்கள். பல இடங்களில் அவை களியின் அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். வெட்டுவது, வெட்டப்பட்டதற்குப் பிந்தியது. களி படிந்து, விரிசல் விட்டு, அதில் நீர் இறங்கிய பிறகு வளர்ந்த படிகம் அது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், பொறுமை இருந்தால் போதும்.

அந்தக் களியைக் கையில் எடுத்து நனைத்தால் இன்றும் குழைகிறது. பத்துக் கோடி ஆண்டுக்கு நெருக்கமான மண், இன்னும் முழுசாகக் கல்லாகவில்லை! ஆனால் அதற்குப் பிற்பட்ட கருடமங்கலத்துக் கிளிஞ்சல் கல் சுத்தியலுக்கே எகிறும். மெருகேற்றி ‘திருச்சிராப்பள்ளி மார்பிள்’ என்று அலங்காரக் கல்லாக வெட்டும் அளவுக்குக் கெட்டி. இளையது கெட்டி, மூத்தது இளக்கம். எப்படி? அங்கே ஓடுகளின் சுண்ணாம்பு கரைந்து, துகள்களுக்கு இடையே மறுபடி படிந்து பிணைத்துவிட்டது. காரையில் அப்படிப் பிணைக்க ஒன்றும் போதுமான அளவில் புகவில்லை. வெறும் காலம் மண்ணைக் கல்லாக்கிவிடாது. மேலே ஏறும் பாரம், ஊடே ஓடும் நீர், அது சுமந்து வரும் சுண்ணாம்போ, குவார்ட்ஸ் மணலின் பொருளான சிலிக்காவோ, இரும்போ, இவை வேண்டும். காரையின் மேடுகளை மழை இப்படி அரித்து மடிப்பு மடிப்பாக ஆக்கியிருப்பதும் இதனால்தான்.

சாத்தனூர் மரத்தையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். 1940-ல் நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் அதைப் பதிவு செய்தார். 18 மீட்டருக்கும் நீளமான அடிமரம், கடலில் படிந்த அடுக்குகளுக்குள் படுத்துக் கிடக்கிறது. அது நின்ற காடு அங்கே இல்லை. வெள்ளம் அடித்து வந்து கடலில் சேர்த்த மரம் அது. அழுகும் முன் மண் மூடிவிட்டது, அப்புறம் சிலிக்கா உள்ளே ஏறியது.

அரியலூரில் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் சிமெண்ட் சுரங்கங்களில் திறந்து கிடக்கிறது. அங்கே சிப்பிகள் கிடக்கும் விதத்தைப் பாருங்கள். இரண்டு ஓடும் மூடியபடி இருந்தால், அது வாழ்ந்த இடத்திலேயோ பக்கத்திலேயோ சட்டென்று புதைந்தது. தனித்தனி ஓடுகளாக, பெரும்பாலானவை குவிந்த பக்கம் மேலாகக் கவிழ்ந்து கிடந்தால், நீரோட்டம் புரட்டிப் போட்டது. அதற்கும் மேலடுக்காக, கல்லமேடு என்ற இடத்தில் ஆறு கொண்டுவந்த மணலும், அதில் டைனோசர் எலும்புகளும். கடல் அப்போது பின்வாங்கியிருந்தது. அப்புறம் நின்னியூர்ப் பக்கம் கடல் மறுபடி வந்தது, சுண்ணாம்புக்கல் படிந்தது.

1862-ல் நிலவியல் அறிஞர் பிளான்ஃபோர்டு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று இந்த அடுக்குகளை மூன்றாகப் பிரித்துப் பெயரிட்டார். அவர் நடந்து பார்த்த மண்ணில் இன்று பெருமளவு வெட்டியெடுக்கிறோம். சுரங்கம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வெட்டுமுகம் திறந்ததால்தான் நமக்கே பல அடுக்குகள் தெரிந்தன. ஆனால் அடுத்த முகத்தை உடைக்கும் முன், இருக்கும் முகத்தை அளந்து படம் எடுத்து வைக்க ஓரிரு நாள் ஆகும், அவ்வளவுதான். இந்த வட்டாரக் கல்லூரிகள் அந்த அனுமதியைக் கேட்டு வாங்க வேண்டும்.

மாணவர்களே, அடுத்த முறை காரைக்குப் போகும்போது ஒரு நோட்டும் அளவு நாடாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கீழிருந்து மேலாக, ஒவ்வொரு அடுக்கிலும் துகள் பருத்ததா பொடியா, நிறம் என்ன, எந்த உயரத்தில் மாறுகிறது என்று எழுதுங்கள். அம்மோனைட் கிடைத்தால் எடுக்க வேண்டாம், கிடந்த இடத்திலேயே படம் எடுத்து, எந்த அடுக்கு என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.