குளக்கரை நீர்முள்ளி

நேயர்களுக்கு வணக்கம். மாரி ஓய்ந்து குளத்துத் தண்ணீர் மெல்லப் பின்வாங்கும் நாட்களில், வவுனிக்குளத்தின் சேற்று ஓரங்களில் இடுப்பளவு உயரத்தில் ஒரு செடி கூட்டம் கூட்டமாக நிற்கும். மாடு வாய் வைக்காது. வலை போடப் போகிறவர்கள் ஏசிக்கொண்டே விலகி நடப்பார்கள். அதுதான் நீர்முள்ளி.

தாவரவியலில் இதன் பெயர் ஹைக்ரோபிலா ஆரிகுலேட்டா. முதற்சொல்லுக்கு நீரை விரும்புவது என்று பொருள். நம்மவர் வைத்த பெயரில் நீரும் உண்டு, முள்ளும் உண்டு. தாவரவியலார் வைத்ததில் முள் இல்லை. செருப்பில்லாமல் குளத்தில் இறங்காதவர் வைத்த பெயர் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

ஒரு கணுவை மட்டும் உற்றுப் பாருங்கள். அதைச் சுற்றி ஆறு இலைகள்: வெளியே இரண்டு நீளம், உள்ளே நான்கு குட்டை. ஒவ்வோர் இலைக்கக்கத்திலும் ஒரு மஞ்சள் முள். அந்த முள்வேலிக்குள்தான் ஊதா கலந்த நீலப் பூக்கள் உட்கார்ந்திருக்கும். பூவின் வாய் இரண்டு உதடுகளாகப் பிரிந்திருக்கும். வேலியோரத்து ஆடாதோடைப் பூவும் இதே சாயல்தான். இரண்டும் அகாந்தேசி என்ற ஒரே குடும்பம்.

சிறுவயதில் எங்களுக்குப் பிடித்தது இதன் விதை. தட்டையான, மண்ணிறமான சிறு விதை. நாலைந்தை நாக்கில் வைத்தால் எச்சில் பட்டதும் வழுவழுவென்று ஊதி, அண்ணாக்கில் ஒட்டிக்கொள்ளும். அம்மம்மா விரலை விட்டு வழித்தெடுத்து, தலையிலும் ஒரு குட்டு வைப்பார். தண்ணீர் பட்டால் பசையாகும் நுண்ணிய மயிர்கள் விதையின் மேல் இருப்பதே காரணம். சேறு காய்வதற்குள் அதில் ஒட்டிக்கொள்ள அது உதவும். இதே விதையைப் பாலில் கலந்து ஆண்களுக்குக் கொடுப்பதும் உண்டு. காலை நிகழ்ச்சி என்பதால் அதை அத்துடன் விடுகிறேன்.

பரியாரிமார் பெரிதும் நம்பியது இதன் வேரையும் முழுச்செடியையும். நெருஞ்சிலோடு சேர்த்து இடித்து, எட்டுக்கொன்றாய் வற்றக் காய்ச்சிய குடிநீர், அதாவது கஷாயம், சிறுநீரைப் பெருக்கும், கால்வீக்கத்தை வடிக்கும். செடியை எரித்த சாம்பலையும் உடலில் நீர் தேங்கி வீங்கும் நீர்க்கோவைக்குக் கொடுத்தார்கள். சிங்களவர் இதை நீரமுல்லிய என்பார்கள். அவர்கள் வைத்தியத்திலும் இதற்கு இதே வேலைதான்.

இங்கேதான் ஒரு சங்கடம். என் அப்புவுக்குக் கால் வீங்கியபோது பரியாரியார் உடனே மருந்தைக் கட்டித் தரவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் பெருவிரலை அழுத்தி எடுத்தார். விழுந்த குழி நிரம்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்குகிறதா, இரவில் எத்தனை முறை எழும்புகிறீர்கள் என்று கேட்டார். பிறகுதான் வேரைத் தொட்டார். வீக்கம் இருதயத்தால் வந்ததா, சிறுநீரகத்தால் வந்ததா என்பது அவருக்கு முதற்கேள்வி. இன்று கடையில் பொட்டலம் வாங்குகிறவருக்கு அந்தக் கேள்வியே இல்லை.

1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனிக்கப்பட்ட, காரணம் முழுதாகப் பிடிபடாத சிறுநீரக நோய் வவுனியாப் பக்கத்திலும் இருக்கிறது. அது தொடக்கத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. கால் வீங்கும்போது பாதிப்பு முற்றியிருக்கலாம். நீர்முள்ளி குடித்து வீக்கம் வடிந்துவிட்டது என்று மகிழ்ந்திருப்பவரின் இரத்தத்தில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ஏறிக்கொண்டிருக்கக்கூடும். செடியில் பொட்டாசிய உப்பும் அதிகம். பழுதுபட்ட சிறுநீரகத்துக்கு அது பாரம். ஆகவே முதலில் இரத்தமும் சிறுநீரும் சோதியுங்கள், நீர்முள்ளிக் குடிநீர் பிறகு.

பிடுங்குவதானால் வயற்கழிவு வாய்க்கால் பக்கம் போகாதீர்கள். களைகொல்லி அடித்த தண்ணீர் அங்கேதான் வந்து தேங்கும். குளத்தின் மேற்பக்கமாகப் போய், மண் ஈரமாக இருக்கும்போதே மண்வெட்டியால் வேரோடு கிளப்புங்கள். கையால் இழுக்க வேண்டாம். ஒரு கணுவுக்கு ஆறு முள் என்று முன்பே சொல்லியிருக்கிறேன்.