பிராக்குக்கு ஏன் நேரம் கிடைக்கவில்லை?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். குழந்தைகளுக்கான அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர், தன் துணைப் பாத்திரங்களுக்கு நியாயம் செய்கிறதா என்பது இன்றைய கேள்வி. செய்யவில்லை என்கிறது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி, "ஒரு அத்தியாயம் இருபது சொச்சம் நிமிடம்தான். குழந்தைகள் நாயகனைப் பார்க்கத்தான் உட்காருகிறார்கள். மற்றவர்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

போக்கிமானை எடுத்துக்கொள்வோம். 1997-ல் ஜப்பானில் தொடங்கி, 2023 வரை, போக்கிமான் என்ற விநோத உயிரினங்களைப் பிடித்துப் பழக்கி மோதவிடும் நாயகன் ஆஷின் பயணத்தைச் சொன்ன தொடர் அது. அதில் நேரம் இல்லை என்றால் வேறு எதில் இருக்கும்?

ஆஷின் பயணத் தோழனாகப் போகும் பிராக் ஐந்தாவது அத்தியாயத்தில் வருகிறான். பியூட்டர் நகர ஜிம்மின், அதாவது போக்கிமான் மோதல் களத்தின், தலைவன். அப்பா வீட்டை விட்டுப் போய்விட, தம்பி தங்கைகளுக்குச் சமைத்துப் போட்டு, கிழிந்த துணியைத் தைத்துக் கொடுத்து வளர்க்கிறான். அப்பா திரும்பி வந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டதும், எந்தப் பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போகிறான் பாருங்கள், அந்த ஒரு காட்சி போதும், அவன் யார் என்று புரிய. எனக்கு ஆஷைவிட அவனைத்தான் பிடித்துப்போனது.

அப்புறம் என்ன செய்தார்கள்? அழகான பெண்ணைக் கண்டால் உருகி நிற்பவனாக ஆக்கினார்கள். முதலில் கூட வந்த மிஸ்டி அவன் காதைப் பிடித்து இழுத்தாள். பிறகு இன்னொரு தோழன் மேக்ஸ் இழுத்தான். அதன் பிறகு பிராக்கின் சொந்தப் போக்கிமான் குரோகங்க் வந்து குத்தியது. இழுக்கிற கை மாறியதே தவிர பிராக் மாறவில்லை. போக்கிமான் மருத்துவராக வேண்டும் என்று அவன் முடிவெடுப்பது 2010-ல், அதுவும் கதையை விட்டுக் கிளம்புகிற நேரத்தில்! வளர வேண்டிய பையனை வாசல்வரை வந்த பிறகுதான் வளர விட்டார்கள்.

இவர்களுக்கு எழுதத் தெரியாதா? நன்றாகவே தெரியும். அதே தொடரில் ஆஷோடு பயணிக்கும் டான் என்ற பெண் இருக்கிறாள். அடுத்தடுத்து இரண்டு போட்டிகளில் முதல் சுற்றையே தாண்டாமல் தோற்று, தன்மீதே நம்பிக்கை இழந்து, பிறகு வாலஸ் கோப்பையை வெல்கிறாள். பொறுமையாக, அழகாகச் சொன்னார்கள். ஆகவே நேரமும் இருந்தது, திறமையும் இருந்தது. யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் ஓரவஞ்சனை.

மிஸ்டி கதை அதைவிட வருத்தம். தன் சைக்கிள் பாழானதற்கு ஈடு கேட்டு ஆஷோடு நடக்கத் தொடங்கியவள். ஜோஹ்டோ என்ற பகுதியில் அவர்கள் பயணம் முடிகிறபோது சைக்கிள் சரியாகிக் கைக்கு வந்துவிடுகிறது. அக்காக்கள் உலகம் சுற்றக் கிளம்புகிறார்கள், ஜிம்மைப் பார்த்துக்கொள்ள இவளை வீட்டுக்கு அழைத்துவிடுகிறார்கள். தண்ணீர்ப் போக்கிமான்களில் சிறந்தவளாக வேண்டும் என்ற அவளுடைய ஆசை? அதன்பிறகு எப்போதாவது விருந்தாளியாக வந்து போகிறாள், அவ்வளவுதான்.

"ஆஷ் விட்டுப் பிரிந்த பறவைப் போக்கிமான் பிட்ஜியாட்டைக் கடைசியில் திரும்பக் கொண்டுவந்தார்களே" என்று எதிரணி சொல்லலாம். ஆமாம், 2023-ல் கொண்டுவந்தார்கள். திரும்பி வருகிறேன் என்று ஆஷ் அதனிடம் வாக்குக் கொடுத்துவிட்டுப் போனபோது அதைக் கேட்டிருந்த குழந்தைகளுக்கு, அதற்குள் குழந்தைகளே பிறந்திருக்கும். இடையில் ஆஷ் தன் சொந்த ஊரான பேலட்டுக்கு எத்தனை முறை வந்து போனான்! ஒரு அத்தியாயம், ஒரே ஒரு அத்தியாயம் அப்போதே ஒதுக்க முடியாதா? அதற்கு எதிரணி பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.