எண்ண முடியாதவற்றுக்கும் பன்மை உண்டு

அவையோருக்கு வணக்கம். ஆங்கிலத்தில் ‘இன்ஃபர்மேஷன்’, ‘அட்வைஸ்’, ‘ஃபர்னிச்சர்’ ஆகிய சொற்களுக்குப் பன்மை விகுதி சேர்க்கக் கூடாது என்று பள்ளியிலேயே படித்திருப்போம். விதி சரியானதுதான், ஆனால், அவற்றை எண்ண முடியாது என்று அதற்குச் சொல்லப்படும் காரணம் பொருந்தாது. நாற்காலியையும் மேசையையும் யார் வேண்டுமானாலும் எண்ணலாம். எண்ணுவதும் எண்ணாததும் பொருளின் இயல்பு அன்று. அந்தந்த மொழியின் வழக்கு. தமிழில் ‘தகவல்கள்’ என்று தயங்காமல் சொல்கிறோம். பிரெஞ்சும் ஜெர்மனும் அந்தச் சொல்லுக்குப் பன்மை தருகின்றன.

டென்மார்க் மொழியறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் இத்தகைய பெயர்ச்சொற்களை ‘மாஸ் வேர்ட்ஸ்’, அதாவது தொகுதிப் பெயர்கள், என்றார். அப்படிப்பட்ட பெயர் பன்மையை ஏற்கும்போது, அந்த விகுதி பெரும்பாலும் ஒரு புதிய அலகைக் கொண்டுவருகிறது. ‘டூ காஃபீஸ்’ என்றால் இரண்டு கோப்பை. ‘சீசஸ்’ என்றால் பாலாடைக்கட்டியின் வகைகள். ‘ஹேர்’ தலைமுடி முழுவதையும் குறிக்க, ‘ஹேர்ஸ்’ தனித்தனி இழைகளைக் குறிக்கும். சில இடங்களில் பொருளே மாறிவிடும்: ‘டேமேஜ்’ சேதம், ‘டேமேஜஸ்’ நீதிமன்றம் வழங்கும் இழப்பீடு. பணி விண்ணப்பத்தில் ‘எக்ஸ்பீரியன்ஸஸ்’ என்று எழுதினால், பணியறிவுக்குப் பதிலாக வாழ்வில் நேர்ந்த நிகழ்ச்சிகள்தாம் வாசிப்பவர் மனத்தில் தோன்றும்.

துறைக்குத் துறை வழக்கு மாறுவது இன்னும் சுவையானது. பல மீனினங்களைப் பற்றி எழுதும் உயிரியலாளர் ‘ஃபிஷஸ்’ என்பார். சட்ட ஆவணங்களில் ‘மனீஸ்’ வரும். மென்பொருள் எழுதுபவர் ‘கோட்’ என்று ஒருமையில் நிறுத்திக்கொள்ள, பெருங்கணினிகளில் கணக்கிடும் இயற்பியலாளர் தம் நிரல்களைக் ‘கோட்ஸ்’ என்பார். மொழியின் பெயரும் இதற்கு விலக்கில்லை: பிரஜ் கச்ரு போன்ற மொழியியலாளர்களின் எழுத்தால் ‘வேர்ல்ட் இங்கிலிஷஸ்’, அதாவது உலக ஆங்கிலங்கள், என்ற தொடர் ஒரு துறையின் பெயராகவே நிலைபெற்றுவிட்டது. இவற்றைப் பிழை என்பது, என் கருத்தில், அறியாமை.

அப்படியானால் ‘ஃபர்னிச்சர்ஸ்’ மட்டும் ஏன் உறுத்துகிறது? அது கொண்டுவரும் புதிய அலகு எதுவும் இல்லை. ஒருமையே பல பொருள்களைத் தொகுத்துக் குறித்துவிடுகிறது. இந்தியா, சிங்கப்பூர், நைஜீரியா ஆகிய நாடுகளின் ஆங்கிலத்தில் அது பரவலாகக் கேட்கிறது என்பது உண்மை. ஆனாலும் தேர்வுத்தாளிலும் அலுவல் கடிதத்திலும் அது இன்றும் பிழையாகவே கொள்ளப்படும். இந்த எல்லைக்கோடும் நகரக்கூடியதுதான். தொடக்கத்தில் ‘மெயில்’ போலவே தொகுதிப் பெயராக வழங்கிய ‘இமெயில்’, இன்று ‘இமெயில்ஸ்’ என்று அகராதிகளில் ஏறிவிட்டது. ‘சாஃப்ட்வேர்ஸ்’ இன்னும் வாசலில் நிற்கிறது.