அரிப்பு வந்தாலே பூஞ்சையா? ஒரே சொட்டுல தெரிய வாய்ப்பிருக்கு!

95 பெண்கள். எல்லாருமே "எனக்குப் பிறப்புறுப்புல பூஞ்சைத் தொற்றுதான்"னு தாங்களே முடிவு பண்ணி, கடையில மருந்து வாங்கினவங்க. அவங்களைச் சோதிச்ச அமெரிக்க ஆய்வு ஒண்ணு 2002-ல வெளியாச்சு. பூஞ்சை மட்டுமே இருந்தது எத்தனை பேருக்குத் தெரியுமா? மூணுல ஒருத்தருக்குத்தான்! சிலருக்கு எந்த நோயுமே இல்ல.

அறிகுறி உங்களுக்கே தெரியும்: கடுமையான அரிப்பு, எரிச்சல், தயிர்க்கட்டி மாதிரி வெள்ளைப்படுதல். காரணம் பெரும்பாலும் கேண்டிடா ஆல்பிகன்ஸ்ங்கிற ஈஸ்ட். ஆன்டிபயாடிக், கர்ப்பம், கட்டுப்படாத சர்க்கரை இதெல்லாம் அதை வளரவிடும். சுத்தமா இல்லாததால வர்றதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வருவோம். டாக்டர் பஞ்சுக்குச்சியால கொஞ்சம் திரவம் எடுத்து ஸ்லைடுல வெச்சு, ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விடுவாங்க. நம்ம உடம்போட செல்கள் எல்லாம் அதுல கரைஞ்சு மறைஞ்சிடும். பூஞ்சையோட செல்சுவர்ல கைட்டின்ங்கிற உறுதியான பொருள் இருக்கு, அது கரையாது! மைக்ரோஸ்கோப்புல பார்த்தா கிளை கிளையா இழைகளும், மொட்டு விடுற ஈஸ்டும் தனியா நிக்கும். அதே சொட்டு விட்டதும் குப்புனு மீன் வாடை வந்தா? அது பாக்டீரியல் வெஜைனோசிஸோட (பிறப்புறுப்புல பாக்டீரியா சமநிலை குலையிற பிரச்சினை) அடையாளம், அதுக்கு மருந்தே வேற. கூடவே அமிலத்தன்மையைக் காட்டுற பிஹெச் தாள் வெச்சும் பார்ப்பாங்க. பூஞ்சைன்னா பொதுவா 4.5-ஐத் தாண்டாது, பாக்டீரியான்னா தாண்டும். ஒரு சொட்டு, ஒரு துண்டுத் தாள். இவ்வளவு எளிமையான சோதனையைத் தவிர்த்துட்டு யூகத்துல க்ரீம் தடவுறது எனக்கு மனசு ஆறவே இல்ல. ஸ்லைடுல பூஞ்சை தெரியலை, ஆனா அறிகுறி இருக்குன்னா, கல்ச்சர் (அந்தத் திரவத்துல கிருமி வளருதான்னு லேப்ல வளர்த்துப் பார்க்கிறது) பண்ணச் சொல்லிக் கேளுங்க. ஸ்லைடு பல நேரம் தவறவிடும். அறிகுறியே இல்லாம 10-ல ஒண்ணு ரெண்டு பேருக்குக் கேண்டிடா சும்மா இருக்கும், அதுக்கு மருந்து வேண்டாம்.

சிகிச்சை? சாதாரணத் தொற்றுக்கு ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் ஒரே மாத்திரை, இல்லன்னா க்ளோட்ரிமசோல் மாதிரி க்ரீமோ, உள்ளே வைக்கிற மாத்திரையோ. கர்ப்பிணிகளுக்கு வாய்வழி மாத்திரை வேண்டாம், 7 நாள் உள்ளே வைக்கிற மருந்துதான். இந்த க்ரீம்கள்ல பலதும் எண்ணெய் கலந்தது, ஆணுறையைப் பலவீனமாக்கும். துணைக்குப் பொதுவா சிகிச்சை தேவையில்ல.

வருஷத்துக்கு மூணு தடவையோ அதுக்கு மேலயோ வருதா? தயவுசெஞ்சு அதே மாத்திரையை மறுபடி வாங்காதீங்க. சர்க்கரை பாருங்க. டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாதிரி சர்க்கரை மாத்திரை எடுக்கிறவங்க அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, அதுவும் இந்தத் தொற்றைக் கூட்டும். கல்ச்சர்ல கேண்டிடா கிளாப்ரட்டான்னு வேற வகை ஈஸ்ட் வந்தா ஃப்ளூகோனசோல் சரியா கேட்காது. அப்போ சிலருக்கு போரிக் ஆசிட் கேப்சூல் உள்ளே வைக்கக் கொடுப்பாங்க. அதை வாயில போட்டா உயிருக்கே ஆபத்து, குழந்தைகளுக்கு எட்டாத இடத்துல வைங்க. கர்ப்பமா இருந்தா அதைத் தொடவே கூடாது.